காதில் பிடிபடாத மருத்துவச் சொல்: தேடுவதா, கேட்பதா, வெற்றிடம் விடுவதா?

இரவு பதினொன்றரை மணி. ஆரையம்பதியில் எங்கள் தெரு தூங்கிவிட்டது. ஹெட்போனுக்குள் அமெரிக்காவில் இருக்கும் ஒரு சிறுநீரக வைத்தியர் தன்னுடைய டயலிசிஸ் நோயாளர் ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார். வைத்தியர்கள் இப்படிப் பேசிப் பதிவு செய்யும் டிக்டேசனைக் கேட்டு அறிக்கையாக டைப் செய்வதுதான் என் வேலை. 4 நிமிடம் 12 வினாடியில் ஒரு குளிசையின் பெயர் வருகிறது. 'ஹைட்ர' என்று தொடங்குகிறது, 'ஸீன்' என்று முடிகிறது. நடுவில் ஒரு கதவு சாத்தும் சத்தம். மறுகா, 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவை என்பது தெளிவாகக் கேட்கிறது.

அது ஹைட்ராலஸீனாக இருக்கலாம். பிரஷருக்குக் கொடுப்பது. ஹைட்ராக்ஸிஸீனாகவும் இருக்கலாம். அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. இரண்டுமே 10, 25, 50 மில்லிகிராம் அளவுகளில் வருகின்றன, ஆகவே அளவை வைத்துப் பிரிக்க முடியாது. வருத்தத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், டயலிசிஸ் செய்யும் ஆளுக்குப் பிரஷரும் இருக்கும், உடம்பு அரிப்பும் இருக்கும். இந்த நோயாளருக்கு இரண்டுமே இருப்பதாக வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார்.

பக்கத்து வளவில் இருக்கும் பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் படித்து முடித்துவிட்டு, இப்போது இந்த வேலைக்குப் பழகுகிறாள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்சன் என்றால் வேகமாக டைப் செய்வதுதான் என்று நினைத்து வந்தவள், இரண்டாம் கிழமையே என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஒரு சொல் விளங்கல்லையெண்டா நீங்க என்ன செய்வீங்க?" ஒன்பது வருடமாக இதே வேலை செய்தும் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. திரும்பக் கேட்பது, தேடிப் பார்ப்பது, பழைய அறிக்கைகளைப் பார்ப்பது, இன்னொருவரைக் கேட்கச் சொல்வது, கணினியிடம் விடுவது, வெற்றிடம் விட்டு அனுப்புவது என்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். எல்லாம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எந்த வழி எந்தச் சொல்லுக்கு உதவும், எங்கே காலை வாரும் என்று அவளுக்குச் சொன்னதையே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டிலிருந்து இந்த வேலை செய்கிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

என்ன விதமாக விளங்கவில்லை?

விளங்காத சொல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. சில இடங்களில் சத்தமே கெட்டிருக்கும். வைத்தியர் கார் ஓட்டிக்கொண்டு பேசியிருப்பார், அல்லது சாப்பிட்டுக்கொண்டு. சில இடங்களில் சத்தம் பளிச்சென்று கேட்கும், சொல்தான் நமக்குப் புதிது. இன்னும் சில இடங்களில் சத்தமும் தெளிவு, சொல்லும் தெரிந்தது, ஆனால் அந்த ஒலிக்கு இரண்டு சொற்கள் இருக்கும். 'இலியம்' என்று கேட்டால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பா? ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்துத்தான் வேறு, சொல்லும்போது வேறுபாடே இல்லை. இவை எல்லாவற்றையும் விடத் தனியாக வைக்க வேண்டியவை எண்கள்.

இதோடு நம் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் நடுவில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. அதனால் பொருள் மாறாது என்பதால் நாம் அந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் அதே வேறுபாடு இரண்டு சொற்களைப் பிரிக்கிறது. அழுத்தமும் அப்படித்தான். நம் மொழியில் ஒரு சொல்லின் எந்த இடத்தை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்ற இரண்டையும் ஆங்கிலம் பேசுகிறவர் அழுத்தத்தை வைத்துப் பிரிக்கிறார், நாமோ கடைசியில் வரும் 'ன்' கேட்கிறதா என்று காத்திருக்கிறோம். வேகமாகப் பேசும் வைத்தியர் அந்த 'ன்'னை விழுங்கிவிட்டால் 15 நமக்கு 50 ஆகிறது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். எந்த மொழிக்காரரின் காதுக்கும் இப்படி ஒரு பழக்கம் இருக்கும். நம் காது எங்கே வழுக்கும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. இங்கே நம் அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியர் பெரும்பாலும் கையால் எழுதுகிறார். வாட்டில் பெட் ஹெட் டிக்கெட், வீட்டுக்குப் போகும்போது டயக்னோசிஸ் காட், அதற்குப் பிறகு கிளினிக் கொப்பி. விளங்காத கையெழுத்தை வாசிக்க நம் பாமசிக்காரர்கள் நன்றாகப் பழகியிருக்கிறார்கள். வைத்தியர் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதும் பழக்கம் இங்கே வளரவில்லை. ஆகவே இந்த வேலைக்கு வருகிறவர் மருத்துவச் சொற்களை முதலில் கண்ணால் படித்தவராகவே இருப்பார். படித்த சொல்லும் கேட்கிற சொல்லும் ஒன்றுதான் என்று பிடிபடவே மாதங்கள் ஆகும்.

திரும்பத் திரும்பக் கேட்பது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். எக்ஸ்பிரஸ் ஸ்க்ரைப் மாதிரி ஒரு மென்பொருளும் கால் பெடலும் இருந்தால் கையை எடுக்காமலே பின்னுக்குப் போய்க் கேட்கலாம், வேகத்தைக் குறைக்கலாம். கொஞ்சமாகக் குறைத்தால் உதவும். பாதி வேகத்துக்குக் கொண்டுவந்தால் மெய்யெழுத்துகள் எல்லாம் குழைந்துபோகும். இழுத்து இழுத்துப் பேசுகிறவருக்கு வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் சொல் சில வேளை தானாக ஒன்றுசேர்ந்து கேட்கும்.

என் கணக்கு மூன்று தடவை. மூன்று தடவைக்குள் வராத சொல்லை அங்கேயே நின்று முப்பது தடவை கேட்டாலும், கடைசியில் நம் மனம் எதை எதிர்பார்க்கிறதோ அதைத்தான் காது கேட்கும். அதன் பிறகு 'கேட்டது' என்று நாம் சத்தியம் செய்வோம், அதுதான் ஆபத்து. அதைவிட இடத்தைக் குறித்துவிட்டு மேலே போவது நல்லது. வைத்தியர்கள் முக்கியமான சொல்லை ஒரு தடவையோடு விடுவது குறைவு. வருத்தத்தின் வரலாற்றில் முனகியதை, கடைசியில் என்ன சிகிச்சை என்று சொல்லும்போது தெளிவாகச் சொல்வார்கள்.

செலவு என்று பார்த்தால் இதில் போவது நேரம். நமக்குக் கூலி வரிக்கணக்கில். 65 எழுத்து ஒரு வரி என்பது இந்தத் தொழிலில் பழைய அளவு. ஒரு சொல்லுக்காகக் கால் மணித்தியாலம் போனால் அந்தக் கோப்பில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அத்தோடு இங்கே காலமும் பார்க்க வேண்டும். மார்கழி மழை கூரைத் தகட்டில் அடிக்கும்போது எவ்வளவு நல்ல ஹெட்போனும் தோற்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கினால், குளிர்த்தி முடியும் வரை ஒலிபெருக்கி. அந்த நாட்களில் குரல் தெளிவான வைத்தியர்களின் கோப்புகளை மட்டும் கேட்டு வாங்குவேன். அதற்கு ஒத்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் கிடைப்பது பெரிய உதவி.

தேடிப் பார்ப்பது

சொல் தெளிவாகக் கேட்டு, எழுத்துத்தான் தெரியவில்லை என்றால் தேடல்தான் சரியான வழி. கிரேக்கத்திலிருந்து வந்த சில சொற்களில் முதல் எழுத்து சத்தம் போடாமல் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 'நியூமோ' என்று கேட்டால் 'பி' எழுத்தில் தேட வேண்டும். 'சைக்' என்று கேட்டாலும் 'பி'தான்.

எங்கள் மாமா ஒருவருக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழிப் பக்கம் ஏறியது. கடலிலும் வெயிலிலும் காற்றிலும் திரிகிறவர்களுக்கு வரும் வருத்தம். கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒபரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். பிறகு ஒரு கண் வைத்தியரின் டிக்டேசனில் 'டெரிஜியம்' என்று வந்தபோது 'டி' எழுத்தில் அரை மணித்தியாலம் தேடினேன். அது 'பி' எழுத்தில் இருந்தது. பொருளைப் படித்ததும்தான் மாமாவின் கண் என்று தெரிந்தது. நோயை நேரில் பார்த்திருக்கிறேன், தமிழில் அதற்கு நம் ஆட்கள் சொல்லும் பெயரும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கிரேக்கச் சொல் ஒரு மதில் மாதிரி நின்றது. அன்றிலிருந்து புதிய சொல் ஒவ்வொன்றையும் கேட்கும் ஒலி, ஆங்கில எழுத்து, நம் பேச்சில் அதற்குள்ள பெயர் என்று மூன்றாகப் பிரித்துக் கொப்பியில் எழுதி வருகிறேன். மூன்றாவதுதான் எனக்கு நினைவில் நிற்க உதவுகிறது.

தேடலில் உள்ள கெடுதல், அது எப்போதும் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துத் தந்துவிடும். நாம் தப்பாக அடித்ததை, அதிகம் பேர் தேடும் சொல்லாகத் திருத்திக் காட்டும். அப்படி ஒரு சொல் இருக்கிறது என்பதும் வைத்தியர் அதைத்தான் சொன்னார் என்பதும் வேறு வேறு. கண்டுபிடித்த சொல்லை அந்த நோயாளரின் முறைப்பாட்டோடும், செய்த சோதனையோடும், உடம்பின் இடத்தோடும் வைத்துப் பார்க்க வேண்டும். குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்த அறிக்கையில் வரும் இலியம் குடல்தான். எலும்பு ஒட்டு எடுத்த அறிக்கையில் வருவது இடுப்பெலும்பு.

மருந்து என்றால் அளவும் சாட்சி சொல்லும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் டெய்லிமெட் தளத்தில் ஒவ்வொரு மருந்தும் எந்த வடிவத்தில், எத்தனை மில்லிகிராமில் வருகிறது என்று பார்க்கலாம். 'ஸெலெ' என்று மங்கலாகக் கேட்டு 200 மில்லிகிராம் என்று வந்தால் அது மூட்டுவலிக்கான ஸெலிப்ரெக்ஸ். 20 என்று வந்தால் மனச்சோர்வுக்கான ஸெலெக்ஸா. வலிப்புக்கு ஊசியாகக் கொடுக்கும் செரிபிக்ஸ் என்று மூன்றாவதும் இருக்கிறது. இப்படி ஒலிக்கும் பெயர்களால் வந்த சிக்கல் நம் காதோடு மட்டும் முடிவதில்லை. அமிலத்துக்கான லோசெக், நீர் போக்கும் லாசிக்ஸோடு குழம்புகிறது என்று 1990இல் அமெரிக்காவில் பிரைலோசெக் என்று பெயர் மாற்றினார்கள். மனச்சோர்வுக்கான பிரின்டெல்லிக்ஸை, இரத்தம் உறையாமல் கொடுக்கும் பிரிலின்டாவோடு குழப்புகிறார்கள் என்று 2016இல் ட்ரின்டெல்லிக்ஸ் ஆக்கினார்கள். ஆங்கிலமே தாய்மொழியான வைத்தியருக்கும் பாமசிக்காரருக்கும் குழம்பியதால்தான் பெயரையே மாற்ற வேண்டி வந்தது.

பழைய அறிக்கைகள்

என்னைக் கேட்டால் எல்லா வழிகளிலும் அதிகம் பயன் தருவது இதுதான். ஒரு வைத்தியர் தன் வேலையை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் செய்கிறார், ஒரே மாதிரித்தான் சொல்கிறார். ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர் தோலுக்கு எந்த நூல் போடுகிறார் என்று அவருடைய நாலு பழைய அறிக்கைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். விக்ரில், மோனோக்ரில் இரண்டும் அவசரத்தில் 'க்ரில்' என்று மட்டுமே காதில் விழும். இவர் உள்தசைக்கு விக்ரிலும் தோலுக்கு மோனோக்ரிலும் போடுகிறவர் என்று தெரிந்தால், வசனம் எந்தப் படையைப் பற்றியது என்பதிலிருந்து சொல் வந்துவிடும். நான் வைத்தியர் ஒவ்வொருவருக்கும் கொப்பியில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அவர் விழுங்கும் சொற்கள், அடிக்கடி எழுதும் மருந்துகள், கை கால் அசைவைச் சொல்லும்போது 'அப்டக்சன்' என்கிறாரா, 'ஏ பி டக்சன்' என்று எழுத்தைப் பிரித்துச் சொல்கிறாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். உடம்பை விட்டு விலக்குவதும் (அப்டக்சன்) உடம்போடு சேர்ப்பதும் (அடக்சன்) அந்த ஓர் எழுத்தில்தான் மாறுகின்றன. பிரித்துச் சொல்கிற வைத்தியர் வந்தால் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

ஆனால் இந்த வழியில் ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கிறேன். பழைய அறிக்கையிலிருந்து சொல்லின் எழுத்தை எடுப்பேன், எண்ணை எடுக்க மாட்டேன். போன மாதம் 10 என்றிருந்த மருந்து இந்த மாதம் 20 ஆகியிருக்கலாம். அதற்காகவே நோயாளர் திரும்ப வந்திருக்கலாம். இடது, வலதும் அப்படித்தான். போன தடவை வலது முழங்கால், இந்தத் தடவை இடது. பழைய அறிக்கையை எழுதியவரும் நம்மைப் போல ஒருவர்தான், அவர் விட்ட பிழையை நாமும் எடுத்து எழுதினால் அடுத்தவருக்கு அது இரண்டு சாட்சியுள்ள உண்மை ஆகிவிடும்.

புதிதாக வந்தவருக்கு இந்த வழி பெரிதாக உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பனி பழைய கோப்புகளைத் திறந்துவிட்டிருக்க வேண்டும், ஒரே வைத்தியரின் வேலை தொடர்ந்து வரவும் வேண்டும். வேலைக்குச் சேரும்போதே இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவரின் காது

சாய்ந்தமருதில் ஒரு ராத்தா இருக்கிறார், தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு டைப் செய்யத் தெரியாது, அமெரிக்க உச்சரிப்பும் பழக்கமில்லை. ஆனால் நோயாளருக்கு அடுத்ததாக என்ன நடக்கும் என்று தெரியும். ஒரு தடவை 'பெரினியல்' நரம்பு பாதிப்பு என்று கேட்டது போலிருந்தது. நோயாளருக்கு முழங்காலுக்குப் பக்கத்தில் அடி, பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. ராத்தாவிடம் வசனத்தை மட்டும் சொன்னேன். "புள்ள, பாதம் தொங்குதெண்டா அது முழங்கால்ப் பக்கத்தால போற நரம்பு கா. நீ சொல்றது காலுக்கு நடுவில உள்ள இடம், அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார். 'பெரோனியல்' என்று அப்போதுதான் பிடிபட்டது. இந்தக் குழப்பத்துக்கு இடமில்லாமல் 1998இல் வந்த சர்வதேச உடற்கூற்றுப் பெயர்ப் பட்டியல் அந்த நரம்பை 'ஃபிபுலர்' என்று முன்வைத்தது. ஆனாலும் எனக்கு வரும் டிக்டேசன்களில் பல வைத்தியர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

மற்றவரிடம் கேட்கும்போது நீங்கள் நினைத்த சொல்லை முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் காதும் அதையே கேட்கும், பிறகு இரண்டு பேர் சேர்ந்து ஒரே பிழையை விடுவோம். அதுவும் வயதில் மூத்தவர், அனுபவசாலி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் எதிர்த்துக் கேட்க நமக்கு நா எழாது. ராத்தா எவ்வளவு தெரிந்தவர் என்றாலும் அவர் சொல்லும் காரணம் எனக்கு விளங்கினால் மட்டுமே எழுதுவேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து வட்ஸ்அப். விளங்காத துண்டை வெட்டிக் குழுவில் போட்டு 'யாருக்காவது கேக்குதா' என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தத் துண்டில் நோயாளரின் பெயரோ பிறந்த திகதியோ இருந்தால், அவருடைய வருத்தம் முழுவதும் முன்பின் தெரியாதவர்களின் போன்களுக்குப் போய்விடும். அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம் நோயாளரின் விபரத்தைக் காக்கச் சொல்கிறது. நம் நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம் அம்மாவின் கிளினிக் கொப்பியை யாராவது சந்தியில் விரித்துக் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? கேட்பதென்றால் பெயரில்லாமல், ஒலியில்லாமல், இடைவெளி விட்ட வசனத்தை மட்டும் எழுதிக் கேளுங்கள். ராத்தாவுக்கும் நான் இதுவரை ஓடியோ கொடுத்ததில்லை.

கணினியின் காது

இந்தத் தொழிலில் இப்போது பாதிக்கு மேல் கணினி எழுதியதைத் திருத்தும் வேலையாகத்தான் எனக்கு வருகிறது, கூலியும் அதற்கேற்பக் குறைவு. ஆகவே இதை வேண்டாம் என்று தள்ள முடியாது. கணினிக்குச் சொற்களஞ்சியம் பெரிது. நமக்குத் தெரியாத அபூர்வ நோயின் பெயரைச் சரியான எழுத்தோடு போட்டுத் தருவதில் அது கெட்டி. களைப்படைவதும் இல்லை.

அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. தெரியாத இடத்தில் அது நிற்காது. மனிதர் தடுமாறினால் தாளில் தடயம் இருக்கும், ஒரு கேள்விக்குறி, ஓர் இடைவெளி. கணினி தடுமாறும்போதும் வசனம் வழவழவென்றுதான் வரும். ஓபன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற ஒலியுணர் மென்பொருளை ஆராய்ந்தவர்கள் 2024இல் சொன்னது, ஏறத்தாழ நூற்றில் ஒரு துண்டில் பேசியவர் சொல்லவே சொல்லாத முழு வாக்கியங்கள் வந்திருந்தன என்று. அவற்றில் 38 வீதம் தீங்கு தரக்கூடியவை. இல்லாத மருந்தொன்றின் பெயரை அது உண்டாக்கிய சம்பவமும் வெளிவந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா குழுமச் சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வு எனக்குத் தெம்பு தருவது. 217 மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். கணினி எழுதியபடியே விட்டால் நூறு சொல்லுக்கு 7.4 பிழை. டிரான்ஸ்கிரிப்சன் செய்பவர் ஒருவர் கேட்டுத் திருத்திய பிறகு 0.4. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பதுதான் நம் வேலை.

அந்த வேலையைச் செய்யும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மருந்து, அளவு வரும் இடங்களில் திரையைப் பார்க்காமல் முதலில் காதால் மட்டும் கேட்பேன், பிறகுதான் கணினி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். எழுதியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டால் காது கண்ணுக்குப் பின்னாலேயே போய்விடும். கம்பனி தராத எந்த இலவசச் செயலியிலும் நோயாளரின் ஓடியோவை ஏற்றக் கூடாது என்பதை வட்ஸ்அப் பற்றிச் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெற்றிடம்

ஏலாத பட்சத்தில் விடுவதுதானே என்று இதைப் பலர் கடைசியில் வைக்கிறார்கள். நான் சில இடங்களில் இதை முதலிலேயே வைக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் வெற்றிடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலியில் வெட்டினார்கள். பிழைக்கு வெட்டு இருந்ததோ இல்லையோ, வெற்றிடத்துக்கு இருந்தது. அப்படியென்றால் எல்லோரும் என்ன செய்வார்கள்? நிரப்பினோம். பக்கவாதம் வந்த ஒருவரின் அறிக்கையில் 'டிஸ்ஃபே' வரை கேட்டது, முடிவு கேட்கவில்லை. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்க முடியாமை. டிஸ்ஃபேசியா என்றால் பேச்சு வராமை. பக்கவாதத்தில் இரண்டும் வரும். அடுத்த வசனத்தில் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்புவதாக இருந்தது, அதை வைத்துப் பேச்சு என்று முடிவுகட்டி எழுதினேன். விழுங்குவதைச் சோதிப்பதும் அதே சிகிச்சையாளரின் வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. சரிபார்ப்பவர் பிடித்துவிட்டார், அது விழுங்க முடியாமைதான். பிடிக்காமல் போயிருந்தால்? விழுங்க முடியாதவருக்குப் பேச்சு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்து யாராவது சோறு ஊட்டியிருந்தால், அது நுரையீரலுக்குப் போயிருக்கும். அந்த நோயாளரின் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொஞ்ச நாளில் அந்த இடத்தை விட்டேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2008இல் நடந்ததை இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோருக்கும் சொல்லுவேன். நீரிழிவு நோயாளர் ஒருவருக்கு 8 யூனிட் இன்சுலின் என்றிருக்க வேண்டியது, இந்தியாவுக்கு அனுப்பி டைப் செய்த அறிக்கையில் 80 யூனிட் என்று வந்தது. அந்த அளவு ஏற்றப்பட்டு அவர் இறந்துபோனார். 2012இல் நடுவர் குழு 14 கோடி டொலர் நட்டஈடு என்று தீர்ப்பளித்தது. ஒரு பூச்சியம்தான். அமெரிக்க வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று தரும் ஜொயின்ட் கமிஷன் 2004இலேயே எழுதக் கூடாதவை என்று ஒரு பட்டியல் போட்டு, தேவையில்லாத இடத்தில் புள்ளிக்குப் பின் பூச்சியம் போடாதே, புள்ளிக்கு முன்னால் பூச்சியத்தை விடாதே என்று சொல்லியிருந்தது. 5.0 என்று எழுதினால் 50 என்று வாசிப்பார்கள், .5 என்று எழுதினால் 5 என்று வாசிப்பார்கள். வைத்தியர் வாயால் 'பொயின்ட் ஃபைவ்' என்று சொன்னாலும் நாம் 0.5 என்றே எழுத வேண்டும்.

வெற்றிடத்துக்கும் செலவு உண்டு. வைத்தியர் நேரமெடுத்து நிரப்ப வேண்டும். சில கம்பனிகளில் வெற்றிடமுள்ள கோப்பு வரிசையில் நின்றுவிடும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு வெற்றிடம் விட்டால் கோப்பு யாருக்கும் உதவாது, அடுத்த கோப்பும் நமக்கு வராது. ஆகவே வெற்றிடத்தை வேலையாகச் செய்ய வேண்டும். வெறும் கோடு போட்டு அனுப்பாதீர்கள். எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது வினாடி, எப்படிக் கேட்டது, எந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் சந்தேகம் என்று குறிப்பு எழுதுங்கள். அப்படி எழுதினால் வைத்தியருக்குப் பத்து வினாடி வேலை. எழுதாவிட்டால் அவர் முழு ஓடியோவையும் திரும்பக் கேட்க வேண்டும், கேட்க மாட்டார்.

வைத்தியரிடமே நேரடியாகக் கேட்பதை நான் இங்கே ஒரு வழியாகச் சேர்க்கவில்லை, பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அந்தக் குறிப்பு ஒன்றுதான் அவரோடு நாம் பேசும் பேச்சு.

பக்கத்து வளவுப் பிள்ளைக்குச் சொன்னது

கொப்பியில் அவளுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். மருந்தின் பெயர், அளவு, இடது வலது, 'இல்லை' என்ற சொல், இந்த நான்கில் எது விளங்காவிட்டாலும் மூன்று தடவை கேள், மறுகா மேலே போய்த் திரும்பி வந்து ஒரு தடவை கேள், அப்போதும் வராவிட்டால் வெற்றிடமும் குறிப்பும். தேடிக் கண்டுபிடித்த மருந்துப் பெயரை, அளவும் வருத்தமும் சேர்ந்து அதுதான் என்று காட்டினால் மட்டும் எழுது. நோயின் பெயர், கருவியின் பெயர், நூல், சோதனை என்று வருபவற்றுக்குப் பழைய அறிக்கை, அது கிடைக்காவிட்டால் தேடல். வசனமே விளங்காவிட்டால் ராத்தா மாதிரி நோயாளரைப் பார்த்துப் பழகிய ஒருவர். கணினி சொல்வதை இவை எல்லாம் முடிந்த பிறகு பார்.

முதல் ஆறு மாதம் வெற்றிடம் கூடுதலாக விட்டாலும் பரவாயில்லை என்றும் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைப்பாங்களே அக்கா?" என்றாள். நானும் அந்த வயதில் அப்படித்தான் நினைத்தேன். பக்கவாத நோயாளரின் கதையை அவளுக்குச் சொன்னேன். அதன் பிறகு கேட்கவில்லை.

அந்தச் சிறுநீரக வைத்தியரின் கோப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்டேன், கதவுச் சத்தம்தான். கடைசிப் பகுதியில் மருந்துகளைத் தொடரவும் என்று மட்டும் சொன்னார், பெயர் சொல்லவில்லை. பழைய அறிக்கை எதிலும் இந்த மருந்து இல்லை, அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தார். அரிப்பைப் பற்றி அவர் இரண்டு வசனம் சொல்லியிருந்தார், பிரஷரைப் பற்றி ஒன்றுதான். அதனால் எனக்குள் ஹைட்ராக்ஸிஸீன் என்றே ஓடிக்கொண்டிருந்தது. எழுதவில்லை. 4:12, 'ஹைட்ர - ஸீன்', நடுவில் சத்தம், ஹைட்ராலஸீனா ஹைட்ராக்ஸிஸீனா, 25 மில்லிகிராம் இரண்டுக்கும் பொருந்துகிறது என்று குறிப்பு வைத்து அனுப்பினேன்.

மறுநாள் பின்னேரம் கோப்பு திரும்பி வந்தது. வெற்றிடத்தில் ஹைட்ராலஸீன் என்று இருந்தது.